வாட்ச் கடைக்காரருக்காக ஒரு ஜெபக்குறிப்பு

கதையக்கா நாவல் எழுதுவது இஸ்திரி மேசையில். நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதே என்று ஒரு நாள் நின்றபடி எழுதிப் பார்த்தாள். அந்த உயரம் கைக்கு வாகாக அமைந்துவிட்டது. அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி அலமாரி மேலே ஏறியதுதான், இறங்கவே இல்லை. அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறவர். தெருவுக்கே தலையைச் சீவி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கசங்கிய சட்டையோடு நிற்பார். யாராவது கேட்டுவிட்டால், "வீட்ல இலக்கியம் நடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுப்பார்.

எழுதுவதற்கென்று அவளுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. வீட்டுக்காரர் கிளம்பிப் போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்க வேண்டும். போன் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். பென்சில்தான், பேனாவில் எழுதினால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி, திரும்ப வாங்க முடியாது என்பாள். காப்பி ஆறிப்போயிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். இதெல்லாம் ஆனபிறகு கண்ணை மூடிக்கொண்டு, கதையில் வருகிற ஒவ்வொருவருக்காகவும் வாய்விட்டு ஜெபம் பண்ணுவாள். கெட்டவனுக்கும் உண்டு. "இந்தப் பாவி இன்னைக்குத் தன் தம்பியை ஏமாத்தப் போறான் ஆண்டவரே, இவன்மேல எனக்குக் கொஞ்சம் இரக்கத்தைக் கொடும்" என்று கேட்ட பிறகுதான் அவனைப் பற்றி ஒரு வரி எழுதுவாள். யாருக்காக ஜெபிக்கவில்லையோ அந்த ஆள் தாளில் உயிரில்லாமல் நிற்கிறான் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒருமுறை கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். தனக்காக அவள் என்றைக்காவது இவ்வளவு நேரம் ஜெபித்ததுண்டா என்று விசாரித்தார். நீங்கள் என்ன, தம்பியை ஏமாற்றவா போகிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அவளுக்குக் கதையக்கா என்று பெயர் வைத்ததே அவள் போகிற சபைதான்; அங்கே அவளைப் பற்றிப் பெருமையும் இருந்தது, லேசான சந்தேகமும் இருந்தது. புத்தகம் வந்தால் எல்லோரும் வாங்குவார்கள். படித்தவர்கள் எத்தனை பேர் என்று அவள் கேட்டுக்கொள்வதில்லை. போன நாவலைச் சபைக் கூடத்தில் வெளியிட்டபோது சபைப் பொருளாளர் எழுந்து, விசுவாசியாக இருந்துகொண்டு நடக்காததை நடந்ததாக எழுதலாமா என்று ஒரு கேள்வியைப் போட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் விடமாட்டார். கதையக்கா பதிலைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கதைன்னு சொல்லிட்டுச் சொன்னா அது கதை. சொல்லாம சொன்னாத்தான் பொய். ஆண்டவரே உவமை சொல்லலையா ஐயா?"

கூடம் கைதட்டியது. அந்தப் பதிலில் அவளுக்கே கொஞ்சம் மிதப்பு. பொதுவாக மிதப்புக்கு ஆப்பு வெளியிலிருந்து வரும். அவளுக்கு அவள் வாயிலிருந்தே வந்தது.

கதைக்கு வேண்டியதை அவள் எங்கிருந்து எடுக்கிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் முன் இருக்கைப் பேச்சு, மருந்துக்கடை வரிசை, வீட்டுக்காரர் சலூனிலிருந்து கொண்டுவருகிற செய்திகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவள் மட்டும் கண்ணைத் திறந்து பெஞ்சுக்கு அடியில் செருப்புகளைப் பார்ப்பாள். யாருக்குக் காசு கஷ்டம், யார் புதிதாகக் காதலிக்கிறார்கள், யார் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று செருப்பு சொல்லிவிடும். பாவம்தான், ஒத்துக்கொள்கிறாள். ஆனால் ஒரு விஷயத்தில் மகா கண்டிப்பு. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் காதில் விழுகிற எதையும் கதையில் சேர்க்க மாட்டாள். அங்கே மனிதர்கள் நெஞ்சைத் திறந்து வைக்கிறார்கள், அங்கே கை வைத்தால் திருட்டு என்பாள். ஜெபக்கூட்டத்துக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தாள். மேசைப் பக்கத்திலிருந்து கூட்டத்துப் பக்கம் கசியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு வாட்ச் கடைக்காரர் வருகிறார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பேசுவார், அதனால் ஒரு கண் எப்போதும் பெரிதாக இருக்கும். அவருக்கு நுரையீரலில் கட்டி. அவர் சாகத்தான் வேண்டும். அவர் போன பிறகு, வாட்சில் முள் எது நட்டு எது என்று தெரியாத அவருடைய மனைவி அந்தக் கடையைத் திறந்து உட்காருவதுதான் நாவலே. இதற்காகக் கதையக்கா ஒரு நர்சைப் பிடித்து மணிக்கணக்கில் கேட்டாள், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற துண்டுப் பிரசுரங்களை மனப்பாடமாகப் படித்தாள். எல்லாம் தயார். ஆனால் அந்த ஆள் சாக மாட்டேன் என்றார். ஒவ்வொரு காலையும் அவருக்காக ஜெபித்து ஜெபித்து அவர்மேல் அவளுக்கு உயிராகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை காலையும் அதே பாடு. பென்சிலைக் கடித்ததுதான் மிச்சம். அதே நினைப்போடு சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். போதகர் வெள்ளைப் பலகை முன்னால் நின்று, யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்புகள் கேட்டார். ஒருவர் மகனுக்கு வேலை என்றார். ஒருவர் முழங்கால் வலி என்றார். அவள் முறை வந்தது.

"வாட்ச் கடைக்காரருக்காக ஜெபிச்சுக்கோங்க. நுரையீரல்ல கட்டி. டாக்டர் கைவிரிச்சிட்டார்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் போதகர் பலகையில் எழுதிவிட்டார்: வாட்ச் கடைக்காரர், நுரையீரல். சுற்றிலும் ஐயோ பாவம் என்றார்கள். முழங்கால் வலிக்காரர் தன் வலியை மறந்துவிட்டு முதல் ஆளாக ஜெபிக்க ஆரம்பித்தார். எழுந்து நின்று, அப்படி ஒருத்தர் கிடையாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். கண்ணை மூடி உருகுகிற இருபது பேருக்கு நடுவில் அதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். முடிந்ததும் போதகரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் பியானோ டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனாள். சபையில் பியானோ வாசிக்கிறவள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதிகம் பேசாதவள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று, தன் வீட்டுக்காரருக்கும் அதேதான் என்றாள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வியாதி என்று தெரிந்தால் கற்றுக்கொள்ள யார் வண்டியில் ஏறுவார்கள், ஒருவரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறார். பெற்ற தாயிடம்கூட அவள் சொல்லவில்லை.

"நீங்க பட்டுனு சொல்லிட்டீங்க அக்கா. எனக்கு அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கவே வாய் வரலை. தொண்டையை அடைச்சுக்குது. அவருக்குச் சாப்பாடு இறங்குதா?"

யாருக்கு என்று கதையக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், கஞ்சி மாதிரி கொடுத்தால் இறங்குகிறது என்றாள். ஏழாம் அத்தியாயத்தில் அப்படித்தான் இருந்தது.

மாட்டிக்கொண்டாள். வாரா வாரம் டீச்சர் சைக்கிள் பக்கம் நின்று கேட்பாள். மருந்து ஏற்றிய பிறகு வாந்தி வருகிறதா, ராத்திரி தூங்குகிறாரா, கோபம் வருகிறதா. கதையக்காவுக்குப் பதிலுக்கா பஞ்சம். படித்ததும் கேட்டதும் எழுதியதுமாக வாயில் வந்து விழுந்தது. அவள் சொல்லச் சொல்ல டீச்சர் முகம் தெளிவதைப் பார்க்கிறபோது, இது பொய் என்பதே சில நேரம் மறந்துபோனது. வீட்டுக்கு வந்து மேசை முன்னால் நின்றால் நினைவு வரும். அப்போது தன்னைத் தானே பிடிக்காமல் போகும். போதகர் பலகையைத் துடைக்கும்போது வேலை கிடைத்த மகனை அழிப்பார், முழங்காலை அழிப்பார். வாட்ச் கடைக்காரர் மட்டும் அப்படியே இருந்தார்.

ஒரு வாரம் டீச்சர், "அவர் பிழைச்சா இவரும் பிழைச்சிடுவார்னு மனசு சொல்லுதுக்கா" என்றாள்.

மறுநாள் காலை கதையக்கா வாட்ச் கடைக்காரரைப் பிழைக்க வைத்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டி சுருங்கிவிட்டது என்றார். மனைவி அழுதாள். கடை திறந்தது. பென்சில் எங்கும் நிற்காமல் ஓடியது; அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தார்.

"முடி வெட்டி முடிச்சதும் பின்னாடி கண்ணாடி காட்டுவேன்ல, பிடிக்காதவங்ககூட நல்லாயிருக்குன்னு தலையாட்டுவாங்க. இது அந்தத் தலையாட்டல். உனக்கே பிடிக்கலைல்ல?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெபக்கூட்டம், சைக்கிள் நிறுத்தம், கஞ்சி எல்லாம். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சர் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சபையில சொன்னது ஒரு பொய். அதைக் காப்பாத்த இப்போ கதையிலயும் பொய் வந்துடுச்சு. இதுவரைக்கும் அங்கதான் வந்ததில்லை" என்றார். அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தும் அந்த வாரம் அவள் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

அடுத்த புதன்கிழமை டீச்சர் தாமதமாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வாட்ச் கடைக்காரர் காலையில் கடைவீதி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார், நடந்தால் மூச்சு நன்றாக வருகிறது என்று கதையக்கா போன வாரம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு டீச்சர் தன் வீட்டுக்காரரையும் வற்புறுத்தி நடக்க அழைத்துப் போயிருக்கிறாள். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கி, நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு வேன்காரர்தான் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். இப்போது பரவாயில்லை என்றாள்.

"அவருக்கு எத்தனையாவது மருந்துக்கு அப்புறம்கா நடக்க ஆரம்பிச்சார்? நான்தான் அவசரப்பட்டுட்டேனோ?"

அந்த நடை கதையக்கா எழுதியது. வெயில் இதமாக இருந்தது என்றுகூட எழுதியிருந்தாள். அன்று ஜெபத்தில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை மேசை பக்கம் போகாமல் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். முன் அறையில் ஒரு சிறுமி ஒரே வரியைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் போகிறவரை கதையக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். உள் அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. சிறுமி போனதும், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். வாட்ச் கடைக்காரர் என்று ஒருவர் இல்லை. தான் எழுதுகிற நாவலில் வருகிறவர். அன்றைக்கு வாய் தவறி வந்துவிட்டது, அதற்கு மேல் சொன்னதெல்லாம் வாய் தவறி அல்ல, பயந்துகொண்டு சொன்ன பொய்.

டீச்சர் பியானோ மூடியை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"கதையில அவர் பிழைக்கிறாரா?"

"இல்லை டீச்சர். அவர் போன பிறகு அவர் மனைவி அந்தக் கடையைத் திறந்து உட்கார்றாங்க."

டீச்சர், "அப்போ இத்தனை நாளா நான் யாருக்காக ஜெபிச்சேன்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கதையக்கா மன்னிப்புக் கேட்டாள், இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அடுத்த பிள்ளை வருகிற நேரமாயிற்று, நீங்கள் கிளம்புங்கள் என்று டீச்சர் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க இஸ்திரி மேசை சும்மா நின்றது. வீட்டுக்காரர் அலமாரி மேலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்கித் தன் சட்டைகளைத் தானே தேய்த்துக்கொண்டார். புதன்கிழமை சபையிலும் சொல்லிவிடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அவரும் கூட வந்தார். ஜெபக்கூட்டத்துக்கு அவர் வருவது அதிசயம். தேய்த்த சட்டையோடு வந்தது அதைவிட அதிசயம்.

போதகர் பலகையைக் காட்டி, நம் வாட்ச் கடைக்காரர் எப்படி இருக்கிறார், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல ஏதாவது உண்டா என்று சந்தோஷமாகக் கேட்டார். கதையக்கா எழுந்து நின்றாள்.

"அவர் என் கதையில வர்றவர் ஐயா. நிஜத்துல கிடையாது. தப்பு என்மேலதான். முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லலை."

முழங்கால் வலிக்காரர், தான் ஒரு வேளை உபவாசம்கூட இருந்ததாக மெல்லிய குரலில் சொன்னார். அதில் குற்றம் சாட்டுவது கொஞ்சமும் இல்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. பொருளாளர் எழுந்தார். கதை என்று சொல்லாமல் சொன்னால் அது என்ன என்று அக்காவே முன்பு சொல்லியிருக்கிறார்கள், அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்றார். வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்லியும் ஆயிற்று. பிறகு கேட்டார்:

"சரி, இத்தனை வாரமா இத்தனை பேரும் யாருக்காகத்தான் ஜெபிச்சோம்?"

பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம். டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். அவள் வந்ததையே கதையக்கா கவனிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் டீச்சர். "அவருக்கும் நுரையீரல்ல கட்டி. அதே மருந்து, அதே கஞ்சி. வாட்ச் கடை மட்டும்தான் கிடையாது."

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதல் தடவையாக அது அடைத்துக்கொள்ளவில்லை போலிருந்தது.

"அவர்கிட்ட நேத்து எல்லாத்தையும் சொன்னேன். அப்படி ஒரு ஆளே இல்லையாம், கதையாம்னு. வருத்தப்படுவார்னு நினைச்சேன். சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துடுச்சு. அப்புறம், பலகையில அந்த ஆள் இடம் காலின்னா என்னைப் போடச் சொல்லுன்னார்."

முதலில் சிரித்தது சலூன்காரர்தான். அவருக்குப் பின்னால் முழங்கால் வலிக்காரர். பொருளாளர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். போதகர் பலகையில் வாட்ச் கடைக்காரரை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் டிரைவிங் மாஸ்டர் என்று எழுதினார். நுரையீரலை அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஜெபம் பண்ண ஆரம்பித்ததும் பழக்க தோஷத்தில் அவர் வாயில் வாட்ச் கடைக்காரர் என்றே வந்தது. யாரும் திருத்தவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே சைக்கிள் பக்கத்தில் டீச்சர் நின்றாள். இனிமேல் என்ன கேட்க வேண்டுமானாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னாள். கதையக்கா தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"உங்க ஆளை உங்க கதைப்படி அனுப்பி வைங்கக்கா. எனக்காகப் பிடிச்சு வைக்க வேண்டாம். அந்தம்மா கடையைத் திறக்கிறதை நான் படிக்கணும்."

மறுநாள் காலை கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போன் பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. காப்பி ஆறியது. கதையக்கா பிழைக்க வைத்த பக்கங்களைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, பென்சிலைச் சீவி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். வாட்ச் கடைக்காரருக்கு இன்றைக்கு வலியில்லாத சாவு வேண்டும் என்று கேட்டாள். டிரைவிங் மாஸ்டர் பிழைக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதில் எது யாருக்கு என்று ஆண்டவருக்குக் குழம்பிவிடக் கூடாதே என்று பயம் வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல், இரண்டு பேரையும் தனித்தனியாக, அடையாளம் சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் கேட்டாள்.